இரவல் கால்

முதியோர் இல்லத்து வேன் மலைச்சரிவை விட்டு இறங்கி, ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே இருந்த வாசலில் நின்றபோது பகல் மணி இரண்டே முக்கால். அக்டோபர் மாதத்து வறண்ட காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. சினிமாவில் உழைத்து ஓய்ந்தவர்களுக்காகவே கட்டிய இல்லம் அது. விளக்குப் பிடித்தவர், சவுரி பின்னியவர், குதிரையிலிருந்து விழுந்து காட்டியவர் என்று எல்லோரும் அங்கே வரிசையாக அறை எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, சாவுக்குக் காத்திருந்தார்கள்.

வேனிலிருந்து இறங்கியவள் ரோவீனா கேல். வயது எழுபத்து மூன்று. ஒரு கைத்தடி, இரண்டு பெட்டி, நெஞ்சோடு அணைத்த ஒரு வட்டத் தொப்பி டப்பா. அவ்வளவுதான் சொத்து.

ஒரு காலத்தில் இவள் காரை விட்டு ஒரு காலை வெளியே வைத்தால் போதும், அந்தக் காலைப் படம் பிடிக்க நாற்பது பேர் முட்டி மோதுவார்கள். 'அமெரிக்காவின் அதிவேகக் கால்கள்' என்று சுவருக்குச் சுவர் ஒட்டினார்கள். இன்றைக்கு வாசலில் நின்றது நர்ஸ் ஒஃபேலியா ஒருத்திதான்.

"வாங்க மிஸ் கேல், வாங்க. உங்க படம்னா எங்க அம்மா உயிரையே விடுவாங்க. அந்த டப்பாவை இப்படிக் குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்."

"தொடாதே!"

சொன்ன வேகத்துக்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. "கோவிச்சுக்காதேம்மா. பழைய செருப்பு. நானே தூக்கிக்கிறேன்."

அறை எண் ஒன்பது. ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆரஞ்சு மரம். கிழடுகள் தடுக்கி விழுந்தாலும் எலும்பு முறியக் கூடாதென்று அறையிலும் வெளியே நீண்ட நடையிலும் தடித்த பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

"மூணுலேர்ந்து நாலு வரைக்கும் எல்லாரும் தூங்குற நேரம்" என்றாள் ஒஃபேலியா, ஜன்னல் திரையை இழுத்துவிட்டபடி. "ஒரு சத்தம் இருக்காது பாருங்க. நிம்மதியாப் படுங்க."

அறை மங்கியது. ரோவீனா டப்பாவை அலமாரிக்குள் வைத்தாள். கதவைச் சாத்தலாம் என்று எழுந்தாள். காலில் மெத்தென்ற துணிச் செருப்பு. அதற்குக் கீழே கம்பளம்.

டக்.

நின்றாள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

இன்னும் ஓர் அடி வைத்தாள்.

டக்.

கால் கம்பளத்தில் பதிந்து ஒரு நொடி கழித்துத்தான் அந்தச் சத்தம் வந்தது. டாப் டான்ஸ் ஆடுகிறவர்கள் முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் அடியில் அலுமினியத் தகடு அடித்த செருப்புப் போடுவார்கள். அந்தத் தகடு மரப்பலகையில் படும்போது எழும் உலர்ந்த, துல்லியமான சத்தம் அது. அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ரோவீனாவால் முடியவே முடியாது.

கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டாள்.

அறை அமைதியாக இருந்தது. எங்கிருந்தோ லேசாக வினிகர் வாடை வந்தது.

டக்-டக்.

இந்தத் தடவை அலமாரிக்குள்ளிருந்து.

அந்த இரண்டு தட்டு யாருடைய கையெழுத்து என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

*

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் ஜூலியஸ் க்ராட்ஸ். பழைய ஸ்டுடியோவில் முப்பது வருஷம் ஒலிப்பதிவு பார்த்த மனிதர். எண்பத்தோரு வயது. காது இரண்டும் போய், பொத்தான் அளவு கருவி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். அறை எண் எட்டு, அதாவது ரோவீனாவின் சுவருக்கு அந்தப் பக்கம்.

"அட, அமெரிக்காவின் கால் வந்திருக்கு!" என்றார், கொத்திறைச்சியை முள்கரண்டியால் கிளறியபடி. "ஏம்மா ரோவீனா, ஒரு ஜோடியாத்தான் வந்தியா, ரெண்டு ஜோடியா வந்தியா?"

ரோவீனாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கேட்டதன் பொருள் அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. படம் பிடிக்கும்போது நாயகி ஆடுவது ரப்பர் அடித்த செருப்பில். பாட்டு ஒரு பக்கம், கேமரா தள்ளுகிறவன் ஒரு பக்கம், டைரக்டரின் கத்தல் ஒரு பக்கம் என்று சந்தை இரைச்சலாக இருக்கும் இடத்தில் காலடிச் சத்தத்தை எப்படிப் பிடிப்பது? அதற்கு இரண்டு வாரம் கழித்து இருட்டான ஒரு சின்ன அறையில் கதவளவு பலகை போட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, திரையில் ஓடும் படத்தைப் பார்த்தபடியே யாராவது ஆடிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆடினவர்களே வந்து ஆடிவிடுவார்கள். ரோவீனாவால் முடியவில்லை. கழுத்து அழகு, கை அழகு, இடுப்பு வளையும் அழகு கொள்ளை அழகு. கால் மட்டும் தாளத்துக்கு அரைக்கால் நொடி பிந்தியே வரும். திரையில் அது தெரியாது. காதுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் நெட்டி க்விக்லி வந்தாள். குள்ளமாக, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத ஒருத்தி. குரலுக்கு டப்பிங் கொடுக்கிற மாதிரி காலுக்கு டப்பிங். ஆறு படம். ஒரு படத்திலும் அவள் பெயர் கிடையாது. ஒவ்வொரு நடனமும் முடிந்த பிறகு அவள் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாள், டக்-டக் என்று. படத்தில் நாயகி அசையாமல் நிற்கும்போது வருகிற அந்த இரண்டு தட்டையும் ஜூலியஸ் கத்தரியால் வெட்டி எறிவார். கடைசிப் படத்தில் மட்டும் வெட்டவில்லை. 'நிலவுக்குப் பதினேழு படி' என்ற படம். காகித நிலவை நோக்கி ரோவீனா பதினேழு படி ஏறி ஆடுவாள். அதன் முடிவில் அந்த இரண்டு தட்டும் இன்னும் இருக்கின்றன.

"என்ன உளறுறீங்க ஜூலியஸ்?" என்றாள் ரோவீனா.

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தூங்கப் போறப்ப இந்தக் கருவியைக் கழட்டி மேஜைல போட்டுடுவேன். அப்புறம் இடியே விழுந்தாலும் எனக்குக் கேக்காது. ஒஃபேலியா வந்து தோளை உலுக்கித்தான் எழுப்புவா."

"சரி?"

"நேத்து மூணு மணிக்கு எனக்குக் கேட்டுச்சு."

ரோவீனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவதான்" என்றார் ஜூலியஸ். "அந்தக் காலை ஆறு படம் பதிவு பண்ணினவன் நான். எனக்குத் தெரியாதா?"

*

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

அந்தக் கடைசிப் படத்துக்கு முன்னால் நெட்டி ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டாள். "மிஸ் கேல், எம் பேரை ஒரு தடவை, ஒரே தடவை, எங்கயாவது சொல்வீங்களா? எங்க அக்கா நம்ப மாட்டேங்கறா." ரோவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "முதல் காட்சி அன்னைக்கு மேடையிலயே சொல்றேன் நெட்டி. சத்தியமா."

முதல் காட்சி அன்று நெட்டி யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றாள். ரோவீனா மேடையிலிருந்து பார்த்தாள். மைக் முன்னால் வந்து சிரித்தாள். "எங்க அம்மாவுக்கு நன்றி. அப்புறம், சொன்ன பேச்சைக் கேக்குற என் ரெண்டு காலுக்கும் நன்றி!" என்றாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. மறுபடி அவள் கதவுப் பக்கம் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அந்தப் பொண்ணு வெளியே உளறிடுவா போலிருக்கு" என்று நடன இயக்குநர் காதில் ஒரு வார்த்தை போட்டாள். பிறகு எந்த ஸ்டுடியோவும் நெட்டியைக் கூப்பிடவில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒரு வாடகை அறையில் தனியாகச் செத்துக் கிடந்தாள். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. காலில் ஒன்றும் இல்லாமல் கிடந்தாளாம். அவள் செருப்புத்தான் ரோவீனாவின் தொப்பி டப்பாவில் இருந்ததே! டப்பிங் அறையில் அவள் விட்டுப்போனதை விளம்பரத்துக்காக எடுத்து, 'ரோவீனா கேலின் செருப்பு' என்று படம் பிடித்தார்கள். ரோவீனாவுக்கு அது அரை அளவு சின்னது. ஒரு நாள்கூட அவள் காலில் அது சரியாக நுழைந்ததில்லை. இருந்தும் நாற்பது வருஷமாகத் தூக்கி எறியவும் முடியவில்லை.

இல்லத்துக்கு வந்த அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வந்தது. முதலில் ரோவீனா போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு படுத்தாள். போர்வைக்குள்ளும் வினிகர் வாடை அடித்தது. நான்காம் நாள் எழுந்து, அலமாரியைத் திறந்து, டப்பாவின் மூடியை எடுத்தாள். செருப்பு அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள்.

உள்பக்கம் சூடாக இருந்தது.

*

அடுத்த வாரம் டெரன்ஸ் ஹோப்வெல் வந்தான். பழைய படங்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் சங்கம் ஒன்றின் ஆள். நாற்பது வயதிருக்கும். ரோவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டபோது அவனுக்குக் கண் கலங்கியது. ஆறு வருஷத்தில் அவளைப் பார்க்க வந்த முதல் விருந்தாளி அவன்தான்.

"'பதினேழு படி' கிடைச்சிடுச்சு மிஸ் கேல். படம் பளிங்கு மாதிரி இருக்கு. பாட்டும் கிடைச்சிடுச்சு. காலடிச் சத்தம் இருந்த நாடா மட்டும் மக்கிப்போச்சு. டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை மூக்கைத் துளைக்குது. ஒரு ஒலி மிச்சமில்லை."

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள் ரோவீனா. அவள் உதடு வறண்டிருந்தது.

"போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு அக்டோபர் முதல் வாரத்துல…" அவன் தோளைக் குலுக்கினான். "நவம்பர்ல உங்களுக்குப் பாராட்டு விழா வெச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி ஒரு ஆசை. நீங்களே வந்து அந்தக் காலடியை மறுபடி குடுத்தா என்ன? மெதுவா, படி படியா. க்ராட்ஸ் ஐயா ஒலி பார்க்கட்டும். உலகத்துல அந்தக் காலை வேற யாராலயும் குடுக்க முடியாது!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூலியஸ் இருமினார். "ரொம்பச் சரி. வேற யாராலயும் முடியாது."

இதுதான் தருணம். சொல்லியிருக்கலாம். 'அது என் கால் இல்லை தம்பி' என்று நாலு வார்த்தை. ஆனால் அவளிடம் வேறு என்ன இருந்தது? கல்யாணம் இரண்டும் நிலைக்கவில்லை. பிள்ளை இல்லை. வீடு போயிற்று. முகம் போயிற்று. கடையில் அவளைத் தெரியாமல் இடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கால்கள் என்ற பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் கொடுத்துவிட்டால் அறை எண் ஒன்பதில் வெறும் கிழவி ஒருத்திதான் இருப்பாள்.

"வரேன்" என்றாள்.

டெரன்ஸ் போனதும் ஜூலியஸ் தலையை ஆட்டினார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு வாரிக்கிட்டது பத்தாதா உனக்கு? என்னத்தைம்மா ஆடப் போற?"

"தெரியலை ஜூலியஸ்" என்றாள் அவள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

*

டப்பிங் அறை அதே மாதிரிதான் இருந்தது. துணி ஒட்டிய சுவர். நடுவில் பலகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜூலியஸும் டெரன்ஸும். விளக்கை அணைத்தார்கள். திரை வெளிச்சம் ரோவீனாவின் இடுப்புக்கு மேலேதான் விழுந்தது. கால் அரையிருட்டில் மங்கலாகத் தெரிந்தது.

செருப்பை மாட்டும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல்கள் மடங்கி வலித்தன. காதில் பாட்டு தொடங்கியது. திரையில் முப்பத்தொரு வயது ரோவீனா பளபளக்கும் கவுனில் முதல் படியில் கால் வைத்தாள்.

பலகையில் நின்றவளால் காலைத் தூக்க முடியவில்லை. வியர்த்தது. நிறுத்தச் சொல்லலாம் என்று கையைத் தூக்கப் போனாள்.

டக்.

முதல் படி.

டக டக டக்.

இரண்டாம் படி. மூன்றாம் படி.

அவள் கால் அசையவில்லை.

பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வு அவள் உள்ளங்கால் வழியாக முதுகெலும்பு வரை ஏறியது. அவளை ஒட்டி, அவள் நிழல் விழுந்த இடத்தில், ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். காற்றில் வியர்வை வாடையும் வினிகர் வாடையும் கலந்து வந்தன. ஒருமுறை, சுழன்று திரும்பும் இடத்தில், யாருடைய பாவாடை விளிம்போ ரோவீனாவின் கெண்டைக்காலில் உரசிக்கொண்டு போயிற்று.

பதினைந்து. பதினாறு. பதினேழு.

பாட்டு முடிந்தது. நிலவுக்குப் பக்கத்தில் திரை ரோவீனா கையை விரித்து அசையாமல் நின்றாள்.

டக்-டக்.

விளக்குப் போட்டார்கள். டெரன்ஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். குழந்தை மாதிரி அழுதான். "ஒரே தடவைல! ஒரு நூல் பிசகலை! எப்படி மிஸ் கேல்? எப்படி?"

ஜூலியஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழக்கம்" என்றாள் ரோவீனா.

திரும்பி வரும் வழியில் ஜூலியஸ் சொன்னார். "அவன் திரையைப் பாத்து அழுதுட்டிருந்தான், உன் காலைப் பாக்கலை. நான் உன் காலையேதான் பாத்துட்டிருந்தேன். அசையலை ரோவீனா. உனக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் குடுத்தா அவ. அதையும் முழுங்கிட்ட."

"விழாவுல சொல்றேன். மேடையிலயே சொல்றேன். சத்தியமா."

சொன்ன பிறகுதான், அதே வார்த்தைகளை ஏற்கெனவே ஒருதரம் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

*

அன்றிலிருந்து மூன்று மணிக்கு ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் ரோவீனா நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டாம் நாள் நடுவில் விழித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். ஒரு வாரம் போயிற்று. திரை இழுத்த அறையில், கம்பளத்தின் மேல், ஒரு சத்தமும் இல்லாத அந்த ஒரு மணி நேரம் அவள் மேல் கல்லாக உட்கார்ந்தது. எழுந்து நடந்து பார்த்தாள். வெளி நடையின் மறுமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். யாரும் பின்தொடரவில்லை. பயந்து நடுங்கிய அந்த நாட்களில் தன்னைத் தேடி ஒருத்தியாவது வந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அலமாரியைத் திறந்து, ஜில்லென்று கிடந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெட்டி" என்று கூப்பிட்டாள். நாற்பது வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சொல்லிடறேன்டி. இந்தத் தடவை நிஜமாச் சொல்லிடறேன். பேர் போனாப் போகட்டும்."

பதில் இல்லை. ஆனாலும் அவள் முடிவு செய்துவிட்டாள். விழா வரைக்கும் தினமும் கண்ணாடி முன்னால் நின்று அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள்.

*

விழா மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. படம் ஓடியது. பதினேழு படியும் ஏறி, கடைசி இரண்டு தட்டும் விழுந்ததும் ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டினார்கள். டெரன்ஸ் மைக்கில் கூப்பிட்டான். "பெரியோர்களே, அந்தக் கால்கள்!"

ரோவீனா நெட்டியின் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடைப் பலகையில் நடந்து வந்தாள். தகடு அடித்த செருப்பு. மரப்பலகை. ஒரு சத்தமும் எழவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. அவள் கண் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரத்தில் இருந்தது. அங்கே இருட்டில் குள்ளமாக யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

மைக்கைப் பிடித்தாள். மூச்சை இழுத்தாள்.

"இந்தக் கால் என்னுடையது இல்லை. நெட்டி க்விக்லியுடையது. அவளுக்கு நான் துரோகம் பண்ணினேன்."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது.

அரங்கம் புன்னகையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பேசுவதற்காகக் காத்திருந்தது.

அவள் மறுபடி சொன்னாள்.

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், வார்த்தையே வரலை பாருங்க" என்று கிசுகிசுத்தாள். அது ரோவீனாவுக்குக் கேட்டது. தன் குரல்தான் கேட்கவில்லை.

உதடு அசைகிறது. நாக்கு புரள்கிறது. தொண்டை அதிர்கிறது.

சத்தம் இல்லை.

"நெட்டி! நெட்டி க்விக்லி!" என்று அலறினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

அரங்கம் எழுந்து நின்று இன்னும் பலமாகக் கைதட்டியது.

*

டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ரோவீனா இருமினால் சத்தம் வரவில்லை. அழுதாலும் வரவில்லை. மேஜையைக் கையால் தட்டினால் மட்டும் சத்தம் வந்தது. அவள் கழுத்தில் ஒஃபேலியா ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டாள்.

பத்து நாள் கழித்து டெரன்ஸ் வந்தான். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு நாடா, ஓட்டிக் கேட்க ஒரு கருவி. ஜூலியஸையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"விழாவுல போட்டப்ப இது இல்லை. ஆயிரம் பேர் சாட்சி. அன்னைக்கு ராத்திரியே பெட்டில வெச்சுப் பூட்டினேன், சாவி எங்கிட்டதான் இருக்கு. நேத்து போட்டுப் பாத்தா…" நாடாவைக் கருவியில் மாட்டி, இரண்டு பேருக்கும் கேட்க ஓடவிட்டான்.

பாட்டு. பதினேழு படி. மௌனம். டக்-டக்.

பிறகு, தெளிவாக, கிட்டத்தில், அவளுடைய சொந்தக் குரல்.

'இந்தக் கால் என்னுடையது இல்லை. நெட்டி க்விக்லியுடையது. அவளுக்கு நான் துரோகம் பண்ணினேன்.'

ரோவீனா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

"க்ராட்ஸ் ஐயா, நீங்க ஏதாவது…?" என்றான் டெரன்ஸ்.

"நான் அந்த நாடாவைத் தொடவே இல்லை தம்பி" என்றார் ஜூலியஸ். "அதுல ரோவீனா சொல்றது மட்டும் நிஜம்."

டெரன்ஸ் கருவியை அணைத்தான். அவன் முகத்தில் இருந்த பக்தி வடிந்துபோவதை ரோவீனா பார்த்தாள். கடைசியில் கேட்டான். "இதை வெட்டிடட்டுமா மிஸ் கேல்? வெட்டிட்டா யாருக்கும் தெரியாது."

வெட்டச் சொன்னால் பெயர் மிஞ்சும். ரோவீனா பென்சிலை எடுத்தாள். எழுதிக் காட்டினாள்.

'வெட்டாதே. அவள் பெயரை முதலில் போடு.'

தொப்பி டப்பாவையும் அவன் கையில் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. செய்தித்தாளில் இரண்டு நாள் அவளைக் கிழித்தார்கள். மூன்றாம் நாள் மறந்துபோனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஜூலியஸ் மட்டும் எதிரில் உட்கார்ந்தார். டிசம்பரில் ஒரு நாள் தூக்கத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். அறை எண் எட்டைப் பூட்டினார்கள்.

அன்று மூன்று மணிக்கு ரோவீனா கட்டிலில் உட்கார்ந்து மோதிரவிரலால் கட்டில் கம்பியைத் தட்டினாள். நெட்டியோடு பேச வேறு வழியில்லை அவளுக்கு.

டக்-டக்.

காத்திருந்தாள். நடையின் மறுகோடியிலிருந்து, கம்பளத்தின் மேல், பதில் வந்தது.

டக்.

ஒரே ஒரு தட்டு. படத்தில் முதல் படிக்கு வரும் அதே தட்டு. மறுநாள் இரண்டாவது படியின் தட்டு, கொஞ்சம் கிட்டத்தில். அதற்கு மறுநாள் மூன்றாவது. ரோவீனா நோட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டாள். ஒன்பதாம் நாள் அது பூட்டிக் கிடந்த அறை எட்டைத் தாண்டியது. பன்னிரண்டாம் நாள் அவள் கதவுக்கு உள்ளே வந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், மூன்று மணி எப்போது ஆகும் என்று காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

பதினாறாம் நாள் சாயங்காலம் ஒஃபேலியா தேநீர் கொண்டுவந்தாள். ரோவீனா தலை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, நல்ல கவுன் போட்டு உட்கார்ந்திருந்தாள். சாய்வு நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தாள். நோட்டை நீட்டினாள்.

'நாளைக்கு இரண்டு கோப்பை கொண்டு வா.'

ஒஃபேலியா சிரித்தாள். "அடேயப்பா! யாரு மிஸ் கேல், விருந்தாளியா? எத்தனை மணிக்கு வராங்க?"

ரோவீனா விரலைத் தூக்கி மூன்று என்று காட்டினாள். அவள் வாய் மூடியிருந்தது. கை மடியில் இருந்தது. மெத்தென்ற துணிச் செருப்புக்குள் கால் இரண்டும் அசையாமல் இருந்தன.

டக்-டக்.

இத்தனை நாளில் ஒருதரம்கூட எதையும் கேட்டிராத ஒஃபேலியா, கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டு, ஆள் இல்லாத அந்தச் சாய்வு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.